மினெல்லி கட்டிய வீடுகள்: 13 இசைப்படங்கள், ஒரு வரிசை

ஹாலிவுட் இயக்குநர் வின்சென்ட் மினெல்லியின் இசைப்படங்களுக்குத் தரவரிசை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆஸ்கரை வைத்தோ நடனத்தை வைத்தோ போடுகிறார்கள். ஆஸ்கரை வைத்தால் ஒன்பது விருது வாங்கிய 'ஜிஜி'யும் ஆறு வாங்கிய 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' படமும் மேலே போய் உட்கார்ந்துவிடும். நடனத்தை வைத்தால் பாதிப் பெருமை ஜீன் கெல்லிக்கும் மைக்கேல் கிட்டுக்கும் யூஜீன் லோரிங்குக்கும் போய்ச் சேர வேண்டும். மினெல்லி நடனம் அமைப்பவரே இல்லை. இங்கே கணக்கு வேறு. திரையில் தெரிகிற அறையும் தெருவும் அங்கே நடமாடுகிற ஆளுக்குச் சொந்தமாக இருக்கிறதா? பாட்டு வரும்போது அந்த இடம் பாட்டுக்கு ஏதாவது வேலை செய்கிறதா? இதை மட்டும் பார்த்து மேலும் கீழும் வைத்திருக்கிறேன்.

மினெல்லிக்கு இந்த அளவுகோல் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. 1903இல் சிகாகோவில் பிறந்தவர். மார்ஷல் ஃபீல்ட் பல்பொருள் அங்காடியில் கண்ணாடி ஜன்னல்களை அலங்கரிக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு பாலபன் அண்ட் காட்ஸ் திரையரங்குகளில் படத்துக்கு முன்பு நடக்கும் மேடை நிகழ்ச்சிகளுக்கு உடை வடிவமைப்பு, 1930களில் நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் கலை இயக்கம், பிராட்வேயில் ரெவ்யூக்கள் (பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்த மேடை நிகழ்ச்சிகள்). 1940இல் தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் அவரை எம்ஜிஎம்முக்கு அழைத்து வந்தார். இன்ன வேலை என்று வரையறுக்காமல் ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்க்கவிட்டார். முதல் படம் வெளிவந்தபோது மினெல்லிக்கு நாற்பது வயது. அதற்குள் துணி, சுவர், விளக்கு, நாற்காலி எல்லாம் கைக்குப் பழகியிருந்தன. புதிதாகக் கிடைத்தது கேமராவைத் தூக்கிச் செல்லும் கிரேன் ஒன்றுதான். அதைக் கடைசிவரை விடவில்லை.

பிறர் இயக்கிய படங்களில் இவர் எடுத்துக் கொடுத்த தனிப் பாடல்களைச் சேர்க்கவில்லை. 'சீக்ஃபெல்ட் ஃபாலீஸ்' மட்டும் விலக்கு, அதில் இவர் பங்கு பெரிது. கடைசி இடத்திலிருந்து ஏறி வந்து முதலிடத்தை ஒளித்து வைக்கும் விளையாட்டு வேண்டாம், மேலிருந்தே இறங்கலாம்.

1. மீட் மீ இன் செயின்ட் லூயிஸ் (1944)

சொல்லிக்கொள்ளும்படி கதை கிடையாது. செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்மித் என்று ஒரு பெரிய குடும்பம். 1903 கோடையில் தொடங்கி, அடுத்த ஆண்டு உலகக் கண்காட்சி திறக்கும்போது படம் முடிகிறது. நடுவில் அப்பாவுக்கு நியூயார்க்குக்கு மாற்றல் வருகிறது. போகிறார்களா இல்லையா, அவ்வளவுதான். சாலி பென்சன் தன் சிறுவயது நினைவுகளை வைத்து நியூயார்க்கர் பத்திரிகையில் எழுதிய கதைகளிலிருந்து எடுத்தது.

தொடக்கத்தில் சமையலறையில் கெட்சப் காய்ச்சுகிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் ஒரு கரண்டி ருசி பார்த்து, இனிப்பு தூக்கல், புளிப்பு தூக்கல் என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆக்னஸ் என்ற சிறுமி படத்தின் தலைப்புப் பாட்டைப் பாடிக்கொண்டே மாடி ஏறுகிறாள். தாத்தா அதைப் பிடித்துக்கொள்கிறார். அவர் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தால், குதிரை வண்டியில் எஸ்தரும் (ஜூடி கார்லண்ட்) தோழர்களும் அதே பாட்டைப் பாடிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். பாட்டு முடிவதற்குள் கீழ்த்தளம், படிக்கட்டு, மாடி, வாசல் எல்லாம் பார்வையாளருக்குப் பழகிவிடுகிறது. எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று இனி யாரும் சொல்லித் தர வேண்டாம். இந்த வீட்டை விட்டுப் போகப்போகிறார்கள் என்ற செய்தி பிறகு வரும்போது நமக்கும் வலிக்கிறதே, அதற்கு இங்கேயே அடித்தளம் போட்டாயிற்று.

விருந்து முடிந்த பிறகு வரும் விளக்கணைக்கும் காட்சியைத் தனியாகப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் ஜானை இன்னும் சிறிது நேரம் நிறுத்திவைக்க எஸ்தருக்கு ஒரு சாக்கு வேண்டும். விளக்குகளை அணைக்க உதவி செய்கிறாயா என்று கேட்கிறாள். இருவரும் அறை அறையாகப் போய் எரிவாயு விளக்குகளை ஒவ்வொன்றாகத் தணிக்கிறார்கள். கிரேனில் இருக்கும் கேமரா அவர்களுக்குக் கொஞ்சம் மேலேயே மிதந்துகொண்டு கூடவே போகிறது. ஒவ்வொரு விளக்கு அணையும்போதும் இருவருக்கும் நடுவே இருக்கும் கூச்சம் கூடுகிறது. பிறகு படிக்கட்டில் நின்று ஒரு சின்னப் பாட்டு.

இதை எடுப்பது எவ்வளவு சிக்கல் என்பது அன்று வண்ணப்படம் எடுத்த டெக்னிகலர் கேமரா பற்றித் தெரிந்தால் புரியும். லென்ஸ் வழியாக வரும் ஒளியை உள்ளே இருக்கும் பட்டகம் பிரித்து மூன்று கருப்பு வெள்ளைச் சுருள்களுக்கு அனுப்பும். ஒளி மூன்று பங்காகப் போவதால் சாதாரணப் படத்தைவிடப் பல மடங்கு வெளிச்சம் வேண்டும். செட் அனலாகக் கொதிக்கும். இருட்டு என்றாலே அந்த கேமராவுக்கு ஆகாது. இதில் ஓடிக்கொண்டிருக்கும் ஷாட்டுக்கு நடுவே, நடிகையின் கை விளக்குத் திருகைத் தொடும் அதே நொடியில், மேலே இருக்கும் ஸ்டுடியோ விளக்குகளும் இறங்க வேண்டும். ஆர்க் விளக்கை மின்சாரத்தைக் குறைத்து மங்க வைக்க முடியாது. முன்னால் தடுப்பை மூடித்தான் குறைக்க முடியும். ஒரு விளக்கு முந்தினாலும் பிந்தினாலும் ஷாட் போச்சு. ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் ஃபோல்சி இதைச் சாதித்தார். டெக்னிகலர் நிறுவனம் கேமராவோடு கூடவே ஒரு வண்ண ஆலோசகரையும் அனுப்பும் வழக்கம் இருந்தது. அந்த நடாலி கால்மஸுக்கு மினெல்லியின் வண்ணச் சேர்க்கை எதுவும் பிடிக்கவில்லை. நல்லவேளை, மினெல்லி தன் கண்ணைத்தான் நம்பினார்.

ஹாலோவீன் இரவை நீளம் கருதி வெட்டிவிடலாம் என்று ஸ்டுடியோவில் பேச்சு எழுந்தது. வெட்டிப் போட்டுப் பார்த்தார்கள், படம் விழுந்தது, திரும்பச் சேர்த்தார்கள். ஐந்து வயது டூட்டி (மார்கரெட் ஓ'பிரையன்) அந்தத் தெருவிலேயே எல்லோரும் பயப்படும் ஒருவர் வீட்டுக்குத் தனியாகப் போய் அவர் முகத்தில் மாவை வீச வேண்டும். அவள் நடக்க நடக்க கேமரா அவள் முகத்தைப் பார்த்தபடி பின்வாங்குகிறது. பின்னால் நெருப்பைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் சிறுத்துப்போகிறார்கள். இசைப்படத்துக்குள் இப்படி ஒரு திகில் யாரும் எதிர்பார்க்காதது.

அப்பா மாற்றல் செய்தி சொன்னதும் எல்லோரும் கோபமாக எழுந்து போய்விடுகிறார்கள், வெட்டிவைத்த கேக் அப்படியே இருக்கிறது. அம்மா பியானோவில் உட்காருகிறாள். அப்பா பாட ஆரம்பிக்கிறார், சுருதி எட்டவில்லை. அம்மா அவர் குரலுக்குத் தகுந்தபடி இறக்கி வாசிக்கிறாள். ஒவ்வொருவராகக் கீழே வந்து தட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள். சமாதானம் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. அப்பாவாக நடித்த லியோன் ஏம்ஸுக்குப் பின்னணியில் பாடியது தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீடேதான். அந்தப் பாட்டின் வரிகளும் அவருடையவை.

எஸ்தர் டூட்டிக்குப் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஹ்யூ மார்ட்டின் முதலில் எழுதிய வரிகள் இதுவே உனக்குக் கடைசிப் பண்டிகையாக இருக்கலாம் என்று போயின. அழுதுகொண்டிருக்கும் குழந்தையிடம் இதைப் பாடினால் என்னை அரக்கி என்பார்கள் என்று கார்லண்ட் மறுத்தார், வரிகள் மாறின. அப்படி மாற்றியும் பாட்டில் துக்கம் போகவில்லை. உடனே டூட்டி இரவு உடையோடு வெளியே ஓடி, தோட்டத்தில் செய்துவைத்த பனி மனிதர்களை அடித்து நொறுக்குகிறாள். அப்பா மேலிருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்.

குறை? பக்கத்து வீட்டுப் பையன் மரக்கட்டை. கடைசிக் கண்காட்சிக் காட்சி அவசரமாக முடிகிறது. முதலிடத்தைப் பறிக்க இவை போதாது.

2. த பேண்ட் வேகன் (1953)

ஃப்ரெட் அஸ்டேர் தன் சொந்த நிலைமைக்கு மிக அருகில் இருக்கும் வேடத்தில்: மவுசு போன நடன நட்சத்திரம், ஒரு மேடை நாடகத்தில் மறுபடி தலையெடுக்கப் பார்க்கிறார். முதல் காட்சியே அவருடைய தொப்பியும் கைத்தடியும் ஏலத்தில் கேட்க ஆளில்லாமல் கிடப்பது. பெட்டி காம்டனும் அடால்ஃப் கிரீனும் எழுதிய திரைக்கதையில் கணவன் மனைவியாக வரும் எழுத்தாளர் ஜோடி, அவர்களே தங்களைக் கிண்டல் செய்துகொண்டது (நிஜத்தில் அவர்கள் தம்பதி இல்லை). ஹோவர்ட் டீட்ஸ், ஆர்தர் ஷ்வார்ட்ஸ் இருவரின் பழைய மேடைப் பாடல்களைக் கோத்த படம். 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட்' மட்டும் படத்துக்கென்றே புதிதாக எழுதியது.

மத்தியப் பூங்கா நடனத்தில் பாட்டு வரியே இல்லை, வாத்தியம் மட்டும். ஒத்துப்போகாத இருவர், அஸ்டேரும் சிட் சாரிஸ்ஸும், குதிரை வண்டியில் வந்து இறங்கி, ஜனங்கள் ஆடிக்கொண்டிருக்கும் மேடையைக் கடந்து, ஆளில்லாத வெட்டவெளிக்குப் போகிறார்கள். முதலில் நடக்கிறார்கள், அவ்வளவே. ஒரு காலடி கொஞ்சம் நீள்கிறது, ஒரு திருப்பம் வருகிறது. நடை எந்த இடத்தில் நடனமாகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் கோடு கிழிக்க முடியாது. வெட்டுகள் மிகக் குறைவு. முடிவில் ஆடிய வேகத்திலேயே படியேறி வண்டிக்குள் உட்கார்ந்துவிடுகிறார்கள். இருவரும் சேர்ந்து ஆட முடியுமா என்பதுதான் அதுவரை கதையில் இருந்த கேள்வி. பதில் கிடைத்துவிட்டது, வசனம் எதற்கு?

ஷூ பாலிஷ் பாட்டில் அஸ்டேருடன் ஆடும் லிராய் டேனியல்ஸ் நிஜமாகவே ஷூ பாலிஷ் தொழில் செய்தவர். துணியை இழுக்கும் தாளமும் பிரஷ் தட்டும் தாளமும் அவருடையவை. அந்த விளையாட்டு இயந்திரக் கூடத்தை கவனியுங்கள்: எதற்கென்றே தெரியாத ஒரு பெரிய இயந்திரம் ஆரம்பத்திலிருந்து ஓரமாக நிற்கிறது, கடைசியில் அது வெடித்துத் திறப்பதுதான் பாட்டின் முத்தாய்ப்பு. 'ட்ரிப்லெட்ஸ்' பாட்டில் மூன்று பெரியவர்கள் கைக்குழந்தைகளாக வருகிறார்கள். முழங்காலில் தோல் பூட்ஸ் கட்டி, பின்னால் மடித்த கால்களைக் கருப்புத் துணியில் மறைத்து, கருப்புத் தரையில் முழங்காலாலேயே ஆடுவது. உடல் எடை முழுக்க முட்டியில் இறங்கும், தொடர்ந்து நிற்கவே முடியாது.

படம் எங்கே இடறுகிறது என்றால், அந்த நாடகம் நியூ ஹேவன் நகரில் மண்ணைக் கவ்வி, குழு மறுபடி வேறு நாடகம் போடக் கிளம்பிய பிறகு. அதுவரை ஒவ்வொரு பாட்டும் கதைக்குள்ளிருந்து வந்தது. அப்புறம் ஊர் ஊராக ரயில் ஓடுகிறது, நான்கு பாட்டு வரிசையாக வந்து நிற்கிறது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை. முதலிடம் நழுவியது இங்கேதான். மலிவான துப்பறியும் நாவல்களைக் கேலி செய்யும் கடைசி 'கேர்ள் ஹன்ட்' பாலே வந்து காப்பாற்றுகிறது.

இன்னொன்று. சாரிஸ்ஸுக்குப் பாடியது இந்தியா ஆடம்ஸ். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பின்னணிப் பாடகர் பெயரை டைட்டிலில் பார்த்தே வளர்ந்த நமக்கு இது விநோதமாகத் தெரியும். ஹாலிவுட்டில் அதை வெளியே சொல்லாமல் மறைப்பதுதான் வழக்கம். அவர் இந்தப் படத்துக்காகப் பாடி, வெட்டப்பட்ட ஒரு பாட்டின் ஒலிப்பதிவை அதே ஆண்டு 'டார்ச் சாங்' படத்தில் ஜோன் கிராஃபோர்டின் வாயசைப்புக்குப் போட்டார்கள்.

3. த பைரேட் (1948)

இதை இவ்வளவு மேலே வைத்ததற்குச் சண்டைக்கு வருவார்கள். வெளியானபோது எம்ஜிஎம்முக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். ஆனாலும் மினெல்லியின் குணம் கலப்படமில்லாமல் இருக்கும் படம் இதுதான். கரீபியன் தீவு ஒன்றில் மனுவேலா (கார்லண்ட்) கடற்கொள்ளையன் மகோகோவைப் பற்றிய படப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் கனவு காண்கிறாள். செராஃபின் (கெல்லி) என்ற ஊர் சுற்றும் நடிகன் தானே மகோகோ என்று நடிக்கிறான். அசல் மகோகோவோ, அவளுக்கு நிச்சயம் செய்த தொந்திக் கனவான். செட் முழுக்க அப்பட்டமான பொய், ஏனென்றால் மனுவேலாவின் தலைக்குள் இருக்கும் கரீபியன் அப்படித்தான் இருக்கும்.

'நினா' பாட்டில் கெல்லி சுவர் ஏறி, பால்கனி தாவி, கம்பத்தைச் சுற்றி, கண்ணில் படும் ஒவ்வொரு பெண்ணோடும் இரண்டடி ஆடுகிறார். எரியும் சிகரெட்டை நாக்கால் மடித்து வாய்க்குள் போட்டு, முத்தம் கொடுத்துவிட்டு, மறுபடி வெளியே எடுத்துப் புகை விடும் வித்தையும் இதில்தான். ஏமாந்தது தெரிந்ததும் மனுவேலா அறையில் இருக்கும் ஜாடி, சிலை, படம் ஒன்று விடாமல் அவன் மேல் எறிகிறாள். அத்தனை அழகாக அடுக்கிய அறையை மினெல்லி தன் கையாலேயே உடைத்துப்போடும் இந்தக் காட்சிக்காகவே மூன்றாமிடம்.

'பீ எ கிளவுன்' பாட்டில் கெல்லியோடு நிக்கலஸ் சகோதரர்கள் ஆடுகிறார்கள். கறுப்பினக் கலைஞர்கள் வெள்ளையரோடு சரிசமமாக ஆடியது பொறுக்காமல் அமெரிக்கத் தென்மாநிலத் திரையரங்குகள் சில அந்தப் பகுதியை வெட்டிக் காட்டின. கோல் போர்ட்டரின் இந்த மெட்டு நான்கு வருடம் கழித்து 'சிங்கின் இன் த ரெய்ன்' படத்தில் வேறு வரிகளோடு அச்சு அசலாக வந்தது. இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஃப்ரீட். அந்த இரண்டாவது பாட்டுக்கு வரி எழுதியவரும் அவர்தான், பிறகு யார் கேட்பது?

படத்தின் பிரச்சினை தாளகதி. கார்லண்டின் உடல்நிலையால் படப்பிடிப்பு அடிக்கடி நின்றது. அந்த ஒட்டுகள் தெரிகின்றன. நடுவில் இருபது நிமிடம் எல்லோரும் கத்திக்கொண்டே இருப்பார்கள்.

4. ஜிஜி (1958), 5. ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ் (1951)

இரண்டும் பாரிஸ். ஒன்று நிஜ பாரிஸில் எடுத்தது, மற்றது கலிபோர்னியாவில் கல்வர் சிட்டியில் கட்டியது. ஒப்பிடாமல் இருக்க முடியாது.

'ஜிஜி'யில் கிட்டத்தட்ட நடனமே இல்லை. லெர்னரும் லோவும் எழுதிய பாடல்கள் பாதி பேச்சாகவே போகின்றன. சிறுமி ஜிஜி வசிக்கும் பாட்டியின் குடியிருப்பு ரத்தச் சிவப்புச் சுவரும் நெருக்கமான சாமான்களுமாக இருக்கிறது. சலித்துப்போன பணக்காரன் காஸ்தோன் அங்கே வந்து ஜிஜியோடு சீட்டாடும்போதுதான் உயிரோடிருக்கிறான். சினிமாஸ்கோப் போன்ற அகலத் திரையில் இப்படி ஒரு இடுக்கான அறையைக் காட்டுவது லேசில்லை. மினெல்லி ஓரங்களைச் சாமான்களால் அடைத்து நடுவை இறுக்குகிறார். மாக்ஸிம்ஸ் உணவகக் காட்சி நிஜ மாக்ஸிம்ஸில் எடுத்தது. சுவரெல்லாம் கண்ணாடி, விளக்கை எங்கே வைத்தாலும் படத்தில் விழும்.

காஸ்தோன் கோபமாக வெளியேறி நகரம் முழுக்க நடந்துகொண்டே, ஜிஜி குழந்தை இல்லை என்று கண்டுபிடிக்கும் பாட்டு படத்தின் உச்சம். முடிவுக்கு முன் அதே நடையை இரவில், நிழலுருவமாக, ஒரு சொல் இல்லாமல் மறுபடி நடக்கிறான். முதல் நடையைப் பார்த்தவருக்கு இரண்டாவதில் அவன் என்ன நினைக்கிறான் என்று தெரியும். சிறுமியை வைப்பாட்டியாக்கப் பயிற்சி கொடுக்கும் கதை இன்று நெருடுகிறது, அந்த நெருடலை பிரெஞ்சு எழுத்தாளர் கொலெத்தின் மூலக் கதையும் மறைக்கவில்லை. மாரிஸ் ஷெவாலியேயின் முதல் பாட்டைத்தான் இப்போது கேட்க முடியவில்லை. சில காட்சிகளைப் பிற்பாடு சார்லஸ் வால்டர்ஸ் மறுபடி எடுத்தார் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' நடனப் பாடங்களில் எப்போதும் முதல் வரிசை. 17 நிமிட பாலே. டூஃபி, ரென்வார், உத்ரில்லோ, ரூஸோ, வான் கோ, துலூஸ் லோத்ரெக் ஆகியோரின் ஓவியங்கள் செட்டாக எழுந்து நிற்கின்றன. படத்தின் மற்றப் பகுதிகளை எடுத்தவர் ஆல்ஃப்ரெட் கில்க்ஸ். பாலேவை மட்டும் குற்றப் படங்களுக்குப் பேர் போன ஜான் ஆல்டனிடம் கொடுத்தார் மினெல்லி. அந்த மஞ்சளும் சிவப்பும் அப்படிப் பாய்வதற்கு இன்னொரு காரணம் அதற்கு முந்தைய விருந்துக் காட்சி: அத்தனை பேரும் கருப்பு வெள்ளை உடை. கண்ணைப் பட்டினி போட்டுவிட்டுத்தான் பரிமாறுகிறார்கள்.

பிறகு ஏன் ஐந்தாமிடம்? முதல் காட்சியில் கெல்லியின் குட்டி மாடி அறை இருக்கிறது: கட்டிலைக் கயிற்றால் கூரைக்கு ஏற்றுகிறார், அலமாரிக்குள்ளிருந்து மேசை வருகிறது. ஓர் ஓவியனின் வறுமையும் சாமர்த்தியமும் வசனமில்லாமல் வந்துவிடுகிறது. ஆனால் படம் அந்த அறையை மறந்துவிடுகிறது. நீனா ஃபோக் நடித்த பணக்காரப் பெண்ணைக் கதை நடத்தும் விதம் கேவலம். பாலே முடிந்ததும் காதலி திரும்பி வருகிறாள், படம் முடிந்தது. நடுவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. பாலே அற்புதம்தான், அதற்கு முன்னால் இருக்கும் ஒன்றரை மணி நேரம் அதைத் தாங்கவில்லை.

6. கேபின் இன் த ஸ்கை (1943)

முதல் படம். நடிகர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர்: எதெல் வாட்டர்ஸ், எடி ஆண்டர்சன், லீனா ஹார்ன், சிறு வேடத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங், இசைக்குழுவோடு டியூக் எலிங்டன். கதையில் இருக்கும் அப்பாவி நல்லவள், சூதாடிக் கணவன் போன்ற அச்சுகள் வெள்ளை ஸ்டுடியோவின் கற்பனை, மறுப்பதற்கில்லை. ஆனால் வாட்டர்ஸ் நோயுற்ற கணவனைப் பார்த்துப் பாடி, அப்படியே துவைத்த துணி எடுக்கும்போதும் பாட்டைத் தொடர்கிற இடத்தில் மினெல்லி முதல் தடவையிலேயே தேர்ந்துவிட்டார். பில் பெய்லி ஆடும் சில நொடிகளைத் தவறவிடாதீர்கள்: பின்னோக்கி வழுக்கிக்கொண்டே மறைகிறார், மைக்கேல் ஜாக்சனுக்கு நாற்பது வருடம் முன்பு. சூறாவளிக் காட்சிக்கு 'விசர்ட் ஆஃப் ஓஸ்' படத்தின் சுழலையே எடுத்துப் போட்டார்கள். லீனா ஹார்ன் நுரைக் குளியலில் பாடிய பாட்டு வெட்டுப்பட்டது.

7, 8, 9

'யோலாண்டா அண்ட் த தீஃப்' (1945) கதையாக அபத்தம், அஸ்டேர் காவல் தேவதையாக நடிக்கும் மோசடிக்காரர். பணமும் போனது. ஆனால் 'காஃபி டைம்' பாட்டில் கருப்பு வெள்ளை அலைகள் ஓடும் தரையில் நாலு தட்டு இசைக்கு மேல் ஐந்து தட்டுக் கணக்கில் ஆடுகிறார்கள். காலும் கையும் இசையோடு விலகி விலகி வந்து சேர்வதைத் தாளம் தெரிந்தவர்கள் ரசிப்பார்கள்.

'பெல்ஸ் ஆர் ரிங்கிங்' (1960) ஃப்ரீடின் கடைசி இசைப்படம், ஜூடி ஹாலிடேக்கும் கடைசிப் படம். தொலைபேசிச் செய்தி வாங்கும் சேவையில் உட்கார்ந்து, முகம் பார்க்காத வாடிக்கையாளர்களின் வாழ்க்கையைச் சரிசெய்யும் பெண். மேடை நாடகத்தை அப்படியே படம் பிடித்த இடங்கள் பல, நிற்கிற கேமரா. நாயகி பெரிய மனிதர்களின் விருந்துக்குப் போய், பெயர் உதிர்க்கும் கூட்டத்துக்கு நடுவே இடமில்லாமல் நிற்கும் காட்சியில் மட்டும் மினெல்லி விழித்துக்கொள்கிறார்.

'சீக்ஃபெல்ட் ஃபாலீஸ்' (பொது வெளியீடு 1946) துண்டு துண்டான வேடிக்கை நிகழ்ச்சி. சுழலும் மேடையும் நகரும் தரையும் கொண்ட 'திஸ் ஹார்ட் ஆஃப் மைன்', அஸ்டேரும் கெல்லியும் சேர்ந்தாடும் ஒரு பாட்டு இரண்டும் போதும். வெள்ளைக்காரர்கள் சீனர் வேடம் போட்ட 'லைம்ஹவுஸ் புளூஸ்' வண்ணத்துக்காகப் பேசப்படுகிறது, இன்று பார்க்கச் சங்கடம். இறுதிக் காட்சிக்கு வைத்த நுரைக் குமிழி இயந்திரம் கட்டுக்கடங்காமல் போய், எடுத்ததில் பெரும்பகுதியைக் குப்பையில் போட்டார்கள்.

10. பிரிகடூன் (1954)

இது ஏன் தோற்றது என்பது சுவாரசியம். ஸ்காட்லாந்து மலைக் கிராமம் நூறு வருடத்துக்கு ஒருநாள் மட்டும் கண்விழிக்கும் கதை. கெல்லி அங்கேயே போய் எடுக்க விரும்பினார். வானிலையும் செலவும் கூடி, ஸ்டுடியோவுக்குள் மலையும் புதரும் கட்டி, பின்னால் வானத்தைத் தீட்டி எடுத்தார்கள். பழைய சதுரத் திரையாக இருந்திருந்தால் கிரேனும் மூடுபனியும் சமாளித்திருக்கும். சினிமாஸ்கோப்பில் அந்தத் தீட்டிய வானம் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தெரிகிறது. ஊர்க்காரர்கள் துணிக்கொடியில் காயப்போட்டதுபோல வரிசையாக நிற்கிறார்கள். அன்றைய ஸ்கோப் லென்ஸ் அருகில் போனால் முகத்தை வீங்கவைக்கும், அதனால் கேமரா தள்ளியே நிற்கிறது. கடைசியில் நியூயார்க் மதுக்கூடத்தின் இரைச்சலுக்குள் கெல்லி உட்கார்ந்திருக்க, யாரோ தற்செயலாகச் சொல்லும் சொற்கள் அவரை அந்தக் கிராமத்துக்கு இழுக்கும் காட்சி மட்டும் முதல்தரம். படத்திலேயே நம்பும்படியான இடம் அந்த மதுக்கூடம்தான்.

இந்தப் படங்களை எந்த வடிவத்தில் பார்க்கிறீர்கள் என்பது இங்கே முக்கியம். 1953 வரை வந்த மேற்சொன்ன படங்களில் அகலத்துக்கும் உயரத்துக்கும் 1.37:1 விகிதம். டிவியில் 'முழுத்திரை' அமுக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும், முதலில் போவது நடனக்காரரின் பாதம். தலைமுதல் கால்வரை சட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்று அஸ்டேர் பிடிவாதம் பிடித்ததெல்லாம் வீண். ஸ்கோப் படங்களுக்கு நேர்மாறு: மேலும் கீழும் கருப்புப் பட்டை இருந்தே ஆக வேண்டும். பழைய டெக்னிகலர் படத்தில் உருவங்களின் ஓரத்தில் சிவப்பு, பச்சைப் பிசிறு தெரிந்தால் அது மோசமான பிரதி. மூன்று நெகட்டிவ்களும் காலப்போக்கில் ஆளுக்கொரு அளவில் சுருங்கியதால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். அவற்றைக் கணினியில் மறுபடி பொருத்திச் சீரமைத்த பதிப்பைத் தேடி வாங்குங்கள்.

மிச்சம் மூன்று

'ஆன் எ க்ளியர் டே யூ கேன் சீ ஃபாரெவர்' (1970): பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்குப் போன ஜென்மம் நினைவுக்கு வருகிறது. பிரைட்டன் அரச மாளிகையில் எடுத்த விருந்துக் காட்சியில் செசில் பீட்டனின் உடையும் மினெல்லியின் கண்ணும் பத்து நிமிடம் பழையபடி ஒளிர்கின்றன. நிகழ்காலத்துக்கு வந்ததும் மனநல மருத்துவர் அறையில் இருவர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நீளத்தைக் குறைக்கப் பல வெட்டு. ஜாக் நிக்கல்சன் பாடிய பாட்டும் போய்விட்டது.

'கிஸ்மெட்' (1955) மினெல்லி விருப்பமில்லாமல் ஒப்புக்கொண்டது. வான் கோ பற்றிய 'லஸ்ட் ஃபார் லைஃப்' கிடைப்பதற்கு இது விலை. அந்தப் படத்துக்காகக் கிளம்பிப் போனபோது மீதிக் காட்சிகளை ஸ்டான்லி டோனன் முடித்தார். பாக்தாத் செட்டில் யாரும் வாழ்வதாகவே தெரியவில்லை, வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபம் மாதிரி பளபளக்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் போரோடினின் மெட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம்.

கடைசி இடம் 'ஐ டூட் இட்' (1943). வேறு இயக்குநர் ஆரம்பித்துவிட்டதை முடித்துக் கொடுக்கச் சொன்ன வேலை. எலினார் பவலின் பிரம்மாண்ட இறுதி நடனம்கூடப் புதிதில்லை, 1936இல் வந்த 'பார்ன் டு டான்ஸ்' படத்தின் போர்க்கப்பல் காட்சியை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். ஹேசல் ஸ்காட் பியானோ வாசிக்க லீனா ஹார்ன் பாடும் 'ஜெரிக்கோ' பாட்டை மட்டும் தனியாகத் தேடிப் பாருங்கள். முழுப் படத்தையும் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், மிச்ச நேரமெல்லாம் ரெட் ஸ்கெல்டன் முகத்தைக் கோணுவதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.